மூன்றாவது பாட்டில் ஒரு கிரீச்

சந்தேகப்படுவது எனக்கு வியாதி இல்லை, உத்தியோகம். நியூ ஜெர்சியில் பல வருஷம் அதற்காகவே சம்பளம் வாங்கியவன் நான். சி.டி. அச்சடிக்கிற ஒரு சின்னத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். புது ஆல்பம் எது வந்தாலும் முதலில் கொஞ்சம் பிரதிகள் அச்சடித்து என்னிடம் கொடுப்பார்கள். நான் அலமாரி அளவுள்ள ஓர் அறைக்குள் போய், ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அதில் என்ன குறை என்று தேடுவேன். பாட்டு நன்றாக இருக்கிறதா என்று கேட்பது என் வேலையில் சேராது.

(உத்தியோகத்துக்கு முன்பே வியாதி இருந்தது என்பது என் மனைவி சுமதியின் கட்சி. வீட்டைப் பூட்டிவிட்டு நாலு தடவை இழுத்துப் பார்ப்பேனாம். பால் டப்பாவில் போட்டிருக்கிற தேதியை நம்பாமல் முகர்ந்து பார்ப்பேனாம். அப்புறம் என் மூக்கையே நம்பாமல் அவளை முகரச் சொல்வேனாம். இதெல்லாம் உண்மைதான். ஆனால் ஒருநாளாவது கெட்ட பால் குடித்திருக்கிறோமா?)

தொண்ணூற்றேழாம் வருஷம் என்று ஞாபகம். ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் ஒரு அபார்ட்மென்ட்டில் இருந்தோம். மகளுக்கு இரண்டு வயது. கிரீன் கார்டு விண்ணப்பம் கம்பெனி வழியாகப் போயிருந்தது. அந்த ஃபைலில் கையெழுத்துப் போட வேண்டியவர் என் மேலாளர் ஃபிராங்க். அந்த நேரம் பார்த்து நான் ஒரு தப்புப் பண்ணியிருந்தேன். குழந்தைப் பாட்டு சி.டி. ஒன்று. கடைசிப் பாட்டில் ஆடு வந்து கத்துவதற்குள் சி.டி. முடிந்துவிட்டது. கவனிக்காமல் 'சரி' என்று முத்திரை குத்தி அனுப்பிவிட்டேன். எத்தனை குழந்தைகள் ஆட்டுக்காகக் காத்திருந்து அழுதனவோ தெரியாது, அத்தனை பெட்டிகளும் திரும்பி வந்தன. ஃபிராங்க் திட்டவில்லை. "இன்னொரு தடவை வேண்டாம்" என்று மட்டும் சொன்னார். கிரீன் கார்டுக்குக் காத்திருக்கிறவனிடம் சொல்வதற்கு இதைவிடப் பயங்கரமான வாக்கியம் கிடையாது.

இந்த நிலைமையில்தான் ஒரு திங்கட்கிழமை 'ஒன்பது மைல் சரளைக்கல்' என்கிற ஆல்பம் வந்து சேர்ந்தது. டெக்சாஸைச் சேர்ந்த ஓப்பல் ஜீன் என்ற கன்ட்ரி பாடகியின் முதல் ஆல்பம். சனிக்கிழமை பென்சில்வேனியாவில் ஒரு பொருட்காட்சி மைதானத்தில் வெளியீடு. வியாழக்கிழமை அந்த அம்மாளே வந்து பெட்டிகளை எடுத்துக்கொண்டு போவார் என்று ஆர்டரில் எழுதியிருந்தது.

கன்ட்ரி சங்கீதம் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். கித்தார் இருக்கும். தொப்பி இருக்கும். யாராவது யாரையாவது விட்டுவிட்டு டிரக்கில் போய்விடுவார்கள். முதல் இரண்டு பாட்டிலும் அப்படித்தான் ஏதோ நடந்தது, குறை ஒன்றும் இல்லை. மூன்றாவது பாட்டு மெதுவானது. ஒரு கித்தார், ஒரு குரல், அவ்வளவுதான். முதல் வரி முடிகிற இடத்தில் கேட்டது.

கிரீ...ச்.

நிமிர்ந்து உட்கார்ந்தேன். திரும்பப் போட்டேன். கிரீ...ச். அடுத்த வரியில் இல்லை. அதற்கடுத்த வரியில் இரண்டு. பாட்டு முழுவதும் கேட்டு எண்ணினேன். நாற்பத்தொரு கிரீச். ஆடு விட்டுப்போன இடத்துக்கு இது வந்திருக்கிறது.

முதலில் என் ஹெட்போனைச் சந்தேகப்பட்டேன். மாற்றினேன். கிரீச். பிளேயரைச் சந்தேகப்பட்டு அதையும் மாற்றினேன். கிரீச். அடுத்து யானுஷைச் சந்தேகப்பட்டேன். யானுஷ் போலந்துக்காரர், அச்சு மெஷின் ஓட்டுகிறவர். என் வேலைக்கு அவரும் ஆசைப்பட்டவர் என்று கேள்வி. என்னை மாட்டிவிட மெஷினில் ஏதாவது செய்திருப்பாரோ?

சாயங்காலம் ஒரு பிரதியை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டேன். சுமதி ரசம் தாளித்துக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, பாட்டு நல்லாத்தானே இருக்கு?"

"பாட்டை விடு. சத்தத்தைக் கேளு."

கேட்டாள். "ஊஞ்சல் சங்கிலி மாதிரி இருக்குங்க. எண்ணெய் விட்டா சரியாப் போயிரும்."

(எண்ணெய் விட வேண்டுமாம், சி.டி.க்கு! அன்றைக்கு அவளைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பை இப்போது நினைத்தால் எனக்கே கூசுகிறது.)

விஞ்ஞான பூர்வமாக அணுகுவது என்று முடிவு செய்து, அதே அபார்ட்மென்ட்டில் இருந்த சேகரிடம் போனேன். சேகர் டெலிபோன் கம்பெனியில் சாஃப்ட்வேர் எழுதுகிறவன். எதைக் கொடுத்தாலும் கம்ப்யூட்டரில் போட்டு வரைபடமாக்கிக் காட்டுவான். அரைமணி நேரம் திரையில் மேடும் பள்ளமுமாகப் பார்த்துவிட்டு, டாக்டர் மாதிரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினான்.

"கண்டிப்பா பேரிங்தான்யா. மெஷினை ஓப்பன் பண்ணிப் பாரு."

"நிச்சயமாவா?"

"நான் analyze பண்ணி சொல்றேன். உனக்கு அதுலயும் டவுட்டா?"

எனக்கு எதிலும் டவுட்தான். ஆனால் சேகர் சொன்னதில் மட்டும் வரவில்லை. ஏனென்றால் அது யானுஷின் மெஷின்.

செவ்வாய்க்கிழமை காலை முதல் வேலையாக, அச்சடித்து, அட்டை சொருகி டப்பாவில் போட்டிருந்த இருநூறு பிரதிகளின் மேலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினேன். அதில் 'சஸ்பெக்ட்' என்று பெரிய எழுத்தில் இருக்கும். தொழிற்சாலை பாஷையில், 'இதன்மேல் சந்தேகம் இருக்கிறது, யாரும் தொடாதே' என்று அர்த்தம். ஒவ்வொன்றிலும் 'பாட்டு 3, சத்தம்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். பிறகு மெஷினை நிறுத்தச் சொன்னேன்.

"என் மெஷின் பேசாது" என்றார் யானுஷ்.

"பேரிங்" என்றேன்.

"என் மெஷினில் பேரிங் சரியாக இருக்கிறது."

"கம்ப்யூட்டர் சொல்கிறது."

யானுஷ் போலிஷ் மொழியில் ஏதோ சொன்னார். (வாழ்த்து இல்லை என்பது மட்டும் புரிந்தது.) மத்தியானம் வரை மெஷினைக் கழற்றினார். பேரிங் புத்தம் புதிதாக இருந்தது. மறுபடி மாட்டி முடித்தபோது ஒரு திருகாணி மிச்சம். அது எங்கே இருந்து வந்தது என்று நானும் அவரும் ஒருவரை ஒருவர் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டோம். ஓட்டிப் பார்த்தால், இரண்டு வருஷமாக மூச்சுக்காட்டாமல் ஓடிய மெஷின் அன்றிலிருந்து கிரீச்சிட ஆரம்பித்துவிட்டது.

ஃபிராங்க் வந்து பார்த்தார். "நாளைக்குள் எனக்குப் பதில் வேண்டும்" என்றார். குரல் உயரவே இல்லை. அதுதான் பயம்.

புதன்கிழமை, வேறு வழியில்லாமல் ஆர்டர் தாளில் இருந்த டெக்சாஸ் நம்பருக்குப் போன் செய்தேன். என்ன பேச வேண்டும் என்று ஒரு தாளில் ஆங்கிலத்தில் எழுதி மூன்று தடவை சொல்லிப் பார்த்திருந்தேன். எடுத்தது ஓப்பல் ஜீனேதான். ஊரைவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தாராம்.

"மேடம், நியூ ஜெர்சி தொழிற்சாலையிலிருந்து பேசுகிறேன். உங்கள் மூன்றாவது பாட்டில் ஒரு சத்தம் இருக்கிறது."

"எந்த இடத்தில்?"

"ஆரம்பத்திலிருந்து முடிவு வரைக்கும், மேடம்."

"ஹனி, அது நான் பாடுகிற சத்தம்" என்றார்.

"இல்லை மேடம், நீங்கள் இல்லை. உங்கள் கூட இன்னொன்று." கிரீச்சுக்கு ஆங்கிலத்தில் என்ன என்று எனக்குத் தெரியவில்லை. என் தாளிலும் அது இல்லை. அதனால் செய்தே காட்டினேன். "கிரீ...ச். கிரீ...ச். இப்படி, மேடம். நாற்பத்தொரு தடவை."

"யார் நீ? டுவெய்ன் சொல்லிச் செய்கிறாயா?"

டுவெய்ன் யார் என்று எனக்குத் தெரியாது. (முன்னாள் கணவர் என்று பிறகு தெரிந்தது.) "இல்லை மேடம், கிரீ..." என்று இன்னொரு தடவை ஆரம்பிப்பதற்குள் போனை வைத்துவிட்டார். திரும்ப அடித்தால் மணி போய்க்கொண்டே இருந்தது.

நியாயமாகப் பார்த்தால் அப்போதே நான் சும்மா இருந்திருக்க வேண்டும். என்ன செய்தேன்? ஒரு பாடகிக்குத் தன் பாட்டில் இருக்கிற சத்தம் தெரியவில்லை என்றால், பாடகியே நிஜம்தானா என்று சந்தேகப்பட ஆரம்பித்தேன்.

அவர் ராப்பகலாக ஓட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும். வியாழன் சாயங்காலம், வேலை முடிகிற நேரத்துக்கு, டெக்சாஸ் நம்பர் போட்ட ஒரு பழைய டிரக் வாசலில் வந்து நின்றது. ஐம்பதைத் தாண்டிய, நெடுநெடுவென்று உயர்ந்த ஒரு பெண்மணி இறங்கினார். நரைத்த பின்னல். பூட்ஸ். தொப்பி இல்லை. கன்ட்ரி பாடகி, தொப்பி இல்லை! எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

"போனில் என்னிடம் கிரீச்சிட்ட ஆள் யார்?" என்றார் உள்ளே வந்ததும்.

வரவேற்பறையில் இருந்த எல்லாரும் ஒரே நேரத்தில் என்னைக் காட்டினார்கள். யானுஷ் இரண்டு கையாலும் காட்டினார்.

பெட்டிகள் தயாராக இல்லை என்று ஃபிராங்க் சொன்னபோது அந்த அம்மாளின் முகம் வெளிறியது. "எனக்கு ஐம்பத்து மூன்று வயது. இது என் முதல் ஆல்பம். நாளை மறுநாள் மேடை ஏறுகிறேன். கையில் ஒன்றும் இல்லாமல் ஏறச் சொல்கிறீர்களா?" என்று கேட்டார். கத்தவில்லை. ஃபிராங்க் என்னைப் பார்த்தார். நான் என் ஹெட்போனை நீட்டினேன்.

கண்ணை மூடிக்கொண்டு முதல் வரியைக் கேட்டார். கிரீச் வந்த இடத்தில் கண் திறந்தது. ஹெட்போனைக் கழற்றி வைத்தார். நேராக வெளியே டிரக்கை நோக்கி நடந்தார்.

டெக்சாஸ்காரர். கோபத்தில் இருக்கிறார். டிரக்கிலிருந்து எதையோ எடுக்கப் போகிறார். நான் பின்கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்து வைத்துக்கொண்டேன்.

எடுத்துவந்தது ஒரு நாற்காலி. சமையலறையில் போடுகிற பழைய மர நாற்காலி. ஒரு கால் உடைந்து, கம்பி சுற்றிக் கட்டியிருந்தது. அதை வரவேற்பறை நடுவில் வைத்து, உட்கார்ந்து, கித்தார் கூட இல்லாமல் பாட ஆரம்பித்தார். முதல் வரியின் முடிவில், மூச்சு விடுவதற்காக முன்னால் சாய்ந்தார்.

கிரீ...ச்.

யாரும் சிரிக்கவில்லை. அப்படிச் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் பாடிக்கொண்டே போனார். எங்கெங்கே சாய்ந்தாரோ அங்கங்கே நாற்காலியும் கிரீச்சிட்டது. மூன்று நாளில் அந்தப் பாட்டை நான் முப்பது தடவையாவது கேட்டிருப்பேன். அதில் என்ன சொல்கிறார் என்று அப்போதுதான் காதில் விழுந்தது. ஸ்கூல் பஸ் ஓட்டுகிற ஒரு பெண். ஒன்பது மைல் சரளைக்கல் ரோடு. ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இறக்கிவிட்டு, கடைசியில் காலி பஸ்ஸைத் தன் வீட்டு வாசலில் நிறுத்துகிறாள். அவ்வளவுதான் பாட்டு. யானுஷ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். என் மூளையின் ஒரு மூலை மட்டும் நாற்பத்தொன்று சரியாக வருகிறதா என்று எண்ணிக்கொண்டிருந்தது. (வந்தது.)

"ஸ்டுடியோவில் எண்ணெய் விடுகிறோம் என்றார்கள். விட்டால் எழுந்து போய்விடுவேன் என்றேன். இதில் உட்கார்ந்துதான் இந்தப் பாட்டை எழுதினேன், வேறு நாற்காலியில் எனக்கு இது வராது" என்றார் ஓப்பல் ஜீன். பிறகு என்னைப் பார்த்தார். "போனில் நீ செய்து காட்டியது இதைத்தான் என்று எனக்குப் புரியவில்லை. என் கூடப் பிறந்த தங்கை இதைக் கேட்டாள். அவளுக்கு நாற்காலி கேட்கவில்லை. உனக்குக் கேட்டிருக்கிறது. காது நல்ல காதுதான். இப்போது என் சி.டி.யைக் கொடு."

வெள்ளிக்கிழமை விடிந்ததிலிருந்து அச்சடித்தோம். மெஷின் கிரீச்சிடும்போதெல்லாம் யானுஷ் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். டப்பாவில் அட்டை சொருகுவதற்கு ஆள் போதவில்லை என்று சுமதிக்குப் போன் பண்ணினேன். மகளைச் சேகர் வீட்டில் விட்டுவிட்டு வந்தாள். வந்தவள் ஓப்பல் ஜீன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அட்டை சொருகியபடியே இரண்டு பேரும் பேசிச் சிரித்த மாதிரி இருந்தது. என் பெயரும் பால் என்ற வார்த்தையும் காதில் விழுந்தன. நான் கிட்டே போகவில்லை.

மத்தியானம் டிரக் கிளம்பியது. பெட்டிகளுக்கு மேலே நாற்காலி. ஃபிராங்க் என் தோளைத் தட்டினார். ஒரு வாரத்துக்குப் பிறகு மூச்சு விட்டேன்.

சனிக்கிழமை காலை காபி குடிக்கும்போது ஒரு சந்தேகம் வந்தது. ஸ்டிக்கர் ஒட்டின இருநூறு பிரதிகள் எங்கே?

யானுஷ் வீட்டுக்குப் போன் பண்ணினேன். "அவசரம் என்றீர்களே, எல்லாவற்றையும் ஏற்றிவிட்டேன்" என்றார். அவர் குரலில் ஒரு சந்தோஷம் இருந்ததாக எனக்கு இன்றைக்கும் ஒரு சந்தேகம்.

முதல் ஆல்பம். வாங்குகிறவன் கையில் எடுத்துப் பார்த்தால், அந்த அம்மாள் முகத்துக்கு மேலேயே சிவப்பில் 'சஸ்பெக்ட்' என்று இருக்கும். கீழே என் கையெழுத்து. சுமதியையும் மகளையும் காரில் ஏற்றிக்கொண்டு, ஸ்டிக்கர் சுரண்டுகிற பிளேடையும் எடுத்துக்கொண்டு, பென்சில்வேனியாவுக்கு விரட்டினேன்.

"ஸ்பீடாப் போகாதீங்க. போலீஸ் புடிச்சா பிளேடுக்கு என்ன சொல்லுவீங்க?" என்றாள் சுமதி. நியாயமான சந்தேகம். மெதுவாகவே போனோம்.

மைதானத்தில் ராட்டினம் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் பன்றிக்குப் பரிசு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மேடை முன்னால் நானூறு ஐந்நூறு பேர் இருப்பார்கள். அத்தனை பேரும் தொப்பி. ஓப்பல் ஜீன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு சி.டி. அதில் சிவப்பு ஸ்டிக்கர் என் கண்ணுக்குத் தூரத்திலிருந்தே தெரிந்தது.

"நியூ ஜெர்சியில் ஒருத்தர் இருக்கிறார்" என்று மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். "என் வீட்டுக்குப் போன் பண்ணி, 'மேடம், உங்கள் பாட்டில் ஆரம்பத்திலிருந்து முடிவு வரைக்கும் ஒரு சத்தம்' என்றார்." கூட்டம் சிரித்தது. "நான் என்ன சத்தம் என்றேன். அவர் இப்படிப் பண்ணினார்." மைக்கைக் கிட்டே இழுத்து, நான் பண்ணின மாதிரியே பண்ணினார். "கிரீ...ச்." மைதானமே அதிர்ந்தது.

நான் மெதுவாகப் பின்வாங்கினேன். ஒரு சோளப்பொரி வண்டி இருந்தது. அதன் பின்னால் மறைந்துகொள்ளலாம் என்று கணக்கு. அந்த நேரம் சுமதி, என் தர்மபத்தினி, கையைத் தூக்கி, தனக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுவதையும் திரட்டிக் கத்தினாள்: "ஓப்பல்! ஹி இஸ் ஹியர்!"

ஐந்நூறு தொப்பிகள் திரும்பின. கையில் பிளேடோடு நின்றேன்.

மேடைக்கு வரச் சொன்னார்கள். போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. ஓப்பல் ஜீன் எழுந்து, என்னை அந்த நாற்காலியில் உட்கார வைத்தார். அது கிரீச்சிட்டது. கூட்டம் கைதட்டியது. அதற்கப்புறம் அவர் நின்றுகொண்டு வேறு பாட்டைப் பாடினார், நான் எழுவதா வேண்டாமா என்று தெரியாமல் முழுப் பாட்டுக்கும் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அசைந்தால் சத்தம் வருமே.

ஸ்டிக்கர் ஒட்டின இருநூறும்தான் முதலில் தீர்ந்தது. சிலர் அதில் என்னை இன்னொரு கையெழுத்தும் போடச் சொன்னார்கள். போடுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் யோசித்தேன். கம்பெனி பொருளில், கம்பெனிக்கு வெளியே, சனிக்கிழமை கையெழுத்து. கிரீன் கார்டு ஃபைலில் இது எங்கேயாவது வந்து நிற்குமா?

நிற்கவில்லை. ஃபிராங்க் கையெழுத்துப் போட்டார், கார்டும் வந்தது. மெஷினின் கிரீச் கடைசிவரை போகவில்லை. ஓப்பல் ஜீன் ஒன்றும் பெரிய நட்சத்திரமாகிவிடவில்லை. அந்தப் பக்கத்துப் பொருட்காட்சிகளில் பாடிக்கொண்டிருந்தார். இரண்டாவது ஆல்பத்தை எங்களிடமே அச்சடித்தார். அதில் நன்றி சொல்கிற பக்கத்தில், சுமதிக்கு மட்டும் நன்றி சொல்லியிருந்தார்.

போன வருஷம் மகளைப் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் கலிபோர்னியாவில் இருக்கிற பிளசன்டனிலிருந்து வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா கொஞ்சம் கனமான உடம்பு. டைனிங் டேபிளில் உட்கார்ந்தார். நாற்காலி கிரீச்சிட்டது. சுமதியும் மகளும் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். "அப்பா, பாட்டு நம்பர் த்ரீ!" என்றாள் மகள். அவ்வளவுதான், இரண்டு பேரும் வெடித்துச் சிரித்தார்கள். சுமதிக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. பாவம், சம்பந்தி தன் உடம்பைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார்.

நான் அவசரமாக முழுக் கதையையும் சொன்னேன். சி.டி.யை எடுத்துப் போட்டும் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். "அப்படிங்களா" என்றார். கல்யாணம் நல்லபடியாக நடந்தது. ஆனால் இப்போதும் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தால் சோபாவில்தான் உட்காருகிறார். அதையும் முதலில் கையால் ஒரு அழுத்து அழுத்திப் பார்த்துவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு.